ரிவால்வருக்கு ஜோடியாக லீவர் ரைஃபிள்: .357ஆ, .45ஆ?

கேட்டவர் சொன்ன நிலவரம் இது: டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வெளியே பத்து ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். கையில் நாலு அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர், .357 மேக்னம். அதே தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய, விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலைத் தள்ளித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வேண்டும். நிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. நண்பர் ஒருவர், ".45 கோல்ட்தான் அசல் கௌபாய் ஜோடி, ரிவால்வரையும் மாற்றிவிடு" என்கிறாராம். யார் சொல்வது சரி, .357-ஐவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டா அந்த ரைஃபிளில் ஓடுமா, எந்தக் கம்பெனி ரைஃபிள் நல்லது என்று கேட்கிறார்.

ரிவால்வரை மாற்றாதீர்கள். ரைஃபிளை .357-லேயே வாங்குங்கள். நண்பர் சொல்லும் கௌபாய் கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் ஒரு பொறி இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1873-ல் இரண்டு துப்பாக்கிகள் வந்தன. ஒன்று கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். .45 கோல்ட் தோட்டாவில் அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. இன்னொன்று வின்செஸ்டர் 1873 லீவர் ரைஃபிள், அதன் தோட்டா .44-40. குண்டு .44, உள்ளே கரும்மருந்து 40 கிரெய்ன் (பதினைந்து கிரெய்ன் ஏறத்தாழ ஒரு கிராம்), அதுதான் பெயர்க்காரணம். ஒன்றின் தோட்டா மற்றதற்குள் போகாது. குதிரையில் போகிறவன் இரண்டுக்கும் தனித்தனியாகத் தோட்டா சுமக்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்துத்தான் கோல்ட் 1878-ல் தன் ரிவால்வரை .44-40-லும் செய்து, குழலில் "ஃப்ரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்" என்று பொறித்து விற்றது. ஒரே பெல்ட், ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி என்ற அந்தக்காலத்து ஜோடி இதுதான். .45 கோல்ட்டில் ரைஃபிளை அன்றைக்கு வின்செஸ்டரும் செய்யவில்லை, மார்லினும் செய்யவில்லை. நூறு வருஷம் கழித்து, 1980களில்தான் அது கடைக்கு வந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். கோல்ட் ரிவால்வரில் சுட்ட பித்தளைக் கூட்டை வெளியேற்ற ஒரு கம்பி முன்னாலிருந்து உள்ளே போய்த் தள்ளுகிறது. கூட்டின் அடி விளிம்பான ரிம்மைப் பிடித்து இழுக்கும் வேலையே கிடையாது. அதனால் .45 கோல்ட் கூட்டின் ரிம் பேருக்குத்தான் இருந்தது. லீவர் ரைஃபிளிலோ ஒரு கொக்கி அந்த ரிம்மைக் கவ்வித்தான் கூட்டை, தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலிருந்து உருவ வேண்டும். கவ்வ இடமில்லாத கூட்டை அது எப்படி உருவும்? இன்றைய .45 கூடுகளில் ரிம்முக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பதால் ரைஃபிளில் ஓடுகிறது. .44-40-க்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அதன் கழுத்து லேசாகக் குறுகி, மெல்லியதாக இருக்கும். வெடிக்கும்போது விரிந்து சேம்பரை அடைத்துக்கொள்ளும், கரி பின்பக்கம் வராது. இன்றும் கரும்மருந்து போட்டுச் சுடுகிற பைத்தியங்கள் சிலர் அதை விடாமல் வைத்திருப்பது இதனால்தான். நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் துப்பாக்கி கழுவுவதிலேயே போகிறது என்று வீட்டில் சண்டை வந்த பிறகு விட்டேன்.

இப்போது பொறி. .45 கோல்ட் என்று கடையில் கிடைப்பது ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பலம் கொண்ட சரக்கு. தொழில் தரப்படி அதன் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. பழைய கோல்ட்டும் அதன் நகல்களும் தாங்குவதற்காக வைத்த எல்லை அது. ஆனால் "ரூகர் போன்ற கனமான துப்பாக்கிகளுக்கு மட்டும்" என்று பெட்டியில் அச்சடித்து அதைவிட மிகவும் உரமான .45 தோட்டாக்களும் விற்கிறார்கள். வின்செஸ்டர் 1892 மாதிரியில் செய்த நல்ல ரைஃபிள் அவற்றைத் தாங்கும், ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர் தாங்கும். கோல்ட் நகலில் போட்டால் தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் பிளக்கலாம். ஒரே அலமாரியில் இரண்டு பெட்டி, இரண்டிலும் ஒரே பெயர், இரண்டு துப்பாக்கியிலும் இரண்டும் அழகாக உள்ளே போகும். பன்றி புகுந்துவிட்டது என்று இருட்டில் டார்ச்சோடு ஓடுகிறவன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பானா? இது புதுத் தொல்லையும் அல்ல. 1892 ரைஃபிளுக்கென்று வின்செஸ்டர் உரமான .44-40 தோட்டா போட்ட காலத்திலேயே, ரிவால்வரில் போடாதே என்று பெட்டியில் எச்சரிக்கை இருந்தது.

ஜோடி மாடு பூட்டும்போது நோஞ்சான் மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் பாரம் ஏற்ற முடியும். துப்பாக்கி ஜோடியும் அப்படித்தான். ரைஃபிள் எவ்வளவு தாங்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். உங்கள் ரிவால்வர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு.

.357-ல் இந்தத் தலைவலி இல்லை. 1935-ல் வந்தபோதே உயர் அழுத்தத் தோட்டாவாக வந்தது. இன்றைய எல்லை 35,000. .357 என்று முத்திரை குத்திய துப்பாக்கி எதுவானாலும் அந்த எல்லைக்குக் கட்டியதுதான். அதன் தம்பி .38 ஸ்பெஷல் உண்மையில் அண்ணன், 1898-ல் பிறந்தது, அழுத்தம் 17,000. மேக்னத்தின் கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீளமாக்கியதே அது பழைய .38 துப்பாக்கிக்குள் தவறிக்கூடப் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஆக, உங்கள் விஷயத்தில் பெயர் ஒன்றாக இருந்தால் பலமும் ஒன்று. குண்டின் விட்டம் ஒன்றே என்பதால் .38 இரண்டு துப்பாக்கியிலும் போகும், .357-ம் இரண்டிலும் போகும். எதை எடுத்து எதில் போட்டாலும் ஆபத்தில்லை. 686 நல்ல கனமான இரும்பு, அதைப்பற்றிக் கவலை வேண்டாம்.

ரைஃபிளில் போட்டால் அதே தோட்டா என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 158 கிரெய்ன் குண்டு உங்கள் நாலு அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு 1,200 அடி வேகத்துக்குச் சற்று மேலே வரும். 18 அல்லது 20 அங்குல ரைஃபிள் குழலிலிருந்து அதே தோட்டா 1,750 முதல் 1,850 வரை போகிறது. ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பு, 540 அடி-பவுண்டு இருந்தது 1,100-ஐத் தாண்டிவிடும். மேக்னம் தோட்டாவில் மெதுவாக எரியும் மருந்து நிறைய இருக்கிறது. குட்டைக் குழலில் அதன் வாயு முழுதாகத் தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. ராத்திரியில் சுட்டுப் பார்த்திருந்தால் முன்னால் பந்து மாதிரி நெருப்பு தெரிந்திருக்கும், காசு போட்டு வாங்கிய மருந்தின் வாயு காற்றில் எரிவதுதான் அது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலும் கொஞ்சம் வாயு கசியும். ரைஃபிளில் இடுக்கு இல்லை, குழலும் நீளம். .38 ஸ்பெஷலும் சாதாரண .45 கோல்ட்டும் வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகக் கொண்டவை, அவற்றுக்கு நீளக் குழலால் நூறு, இருநூறு அடிதான் லாபம். ஜோடிக்கு மேக்னம் பொருத்தம் என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் இது.

ஆனால் இந்த வேகத்தோடு வரும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ரிவால்வரில் வீட்டுக் காவலுக்கென்று வைத்திருப்பீர்களே, 125 கிரெய்ன் ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி வைத்த குண்டு), அது ரிவால்வர் வேகத்தில் விரிவதற்காகச் செய்தது. ரைஃபிளிலிருந்து 2,000 அடிக்கு மேல் போய்ப் பன்றியின் தோளில் பட்டால் தோலுக்குச் சற்று உள்ளேயே சிதறிவிடும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள் சும்மா இல்லை, கவசம் மாதிரி தடித்த தசைநார். ரைஃபிளுக்கு 158 அல்லது 180 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (மூக்கில் மட்டும் ஈயம் தெரியும் குண்டு), இல்லையென்றால் கெட்டியாக வார்த்த தட்டை மூக்கு ஈயக் குண்டு. இவற்றை ரிவால்வரிலும் போடலாம். ஒரே பெட்டி வேண்டும் என்பவர் ரைஃபிளுக்கு ஏற்ற குண்டை வாங்கி ரிவால்வருக்கும் பயன்படுத்த வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. தூரம் நூறு கெஜத்துக்குள் இருக்கட்டும். நூறு கெஜத்தில் குறி சரிபார்த்த .357 ரைஃபிள் நூற்றைம்பதில் ஆறேழு அங்குலம் கீழே அடிக்கும், பன்றி நின்று கணக்குப் போட நேரம் தராது.

பன்றிதான் முழு நோக்கம், கையில் இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை என்று நீங்கள் கேட்டிருந்தால் .44 மேக்னம் என்று சொல்லியிருப்பேன். 1955-ல் வந்த தோட்டா. 240 கிரெய்ன் குண்டு ரைஃபிளில் 1,750 அடிக்குப் பக்கத்தில் போகும், பன்றிக்கும் மானுக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே தோட்டாவை ரிவால்வரில் சுட்டு ரசிக்கிறவர்கள் குறைவு. முதல் ஆறு குண்டுக்குப் பிறகு ரிவால்வர் பெட்டிக்குள் போய், ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களுக்குக் காட்ட மட்டும் வெளியே வரும் .44கள் எனக்குத் தெரிந்து நாலைந்து உண்டு. பழைய மார்லின் .44 வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: குண்டைச் சுழலவைக்கும் அதன் குழலின் புரி 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 300 கிரெய்ன் கனக் குண்டுகளை அது நிலையாகச் சுழற்றாது. இப்போது ரூகர் கம்பெனி செய்யும் புதிய மார்லின்களில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

.38 ஓடுமா என்ற கேள்வி. சேம்பருக்குள் போகும், சுடும். குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் டியூப் மேகசினிலிருந்து சிக்காமல் மேலே வருமா என்பது வேறு சங்கதி. லீவர் ரைஃபிள் தோட்டாவின் நீளத்தை நம்பி வேலை செய்கிற இயந்திரம். லீவரைக் கீழே தள்ளியதும் டியூபிலிருந்து ஒரே ஒரு தோட்டா தூக்கியின் மேல் வந்து உட்கார வேண்டும், அடுத்தது வாசலிலேயே நிற்க வேண்டும். தோட்டா மிகக் குட்டையாக இருந்தால் அடுத்ததும் மூக்கை நுழைக்கும்.

நான் ஒருமுறை மூக்கே இல்லாத, கூட்டின் வாயோடு சமமாக நிற்கும் வாட்கட்டர் .38 ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்தது என்று 1892 வகை ரைஃபிளில் திணித்தேன். இரண்டாவது தோட்டா பாதி மேலே ஏறி, வாய் சேம்பரின் விளிம்பில் இடித்து நின்றது. மூன்றாவது அதன் அடியில். லீவர் முன்னும் போகவில்லை பின்னும் வரவில்லை. குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, பேனாக்கத்தி முனையால் ஒன்றை நெம்பி இன்னொன்றைத் தள்ளி, இருபது நிமிஷம். பக்கத்து மேசைப் பெரியவர் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, "அதுக்கு மூக்கு வேணும், மகனே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

158 கிரெய்ன், தட்டை மூக்கு, சாதாரண நீளம், இப்படிப்பட்ட .38 பெரும்பாலான ரைஃபிள்களில் ஓடும். கௌபாய் போட்டிகளில் 1873 நகல்களில் ஆயிரக்கணக்கில் சுடுவது .38தான். சத்தம் குறைவு, உதை இல்லவே இல்லை, விலையும் குறைவு. பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சுடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இரண்டே எச்சரிக்கை. மிக மெலிதாக மருந்து போட்ட இலக்குத் தோட்டா நீளக் குழலில் உராய்ந்து நடுவிலேயே நின்றுவிடக்கூடும். சத்தம் சப்பென்று வந்தால் அடுத்ததைச் சுடாமல் குழலைப் பாருங்கள். இரண்டாவது, .38 கூடு குட்டை என்பதால் அதன் வாய் முடியும் இடத்தில் சேம்பருக்குள் கரி வளையம் படியும். நூறு .38 சுட்ட பிறகு .357 போடப்போகிறீர்கள் என்றால் சேம்பரை ஒருமுறை பிரஷ் போட்டுத் தேயுங்கள். ரிவால்வர் சிலிண்டருக்கும் இதேதான்.

இனி கம்பெனி. பிரேசிலில் செய்யும் ராஸி 92 எல்லாவற்றிலும் மலிவு, 16 அங்குலக் குழலில் ஐந்து பவுண்டு எடைகூட முழுதாக இல்லை, ஜான் பிரௌனிங் வரைந்த 1892-ன் பூட்டு என்பதால் உரமானது. வேலைப்பாடு கரடுமுரடு. தோட்டா நிரப்பும் பக்கவாசலின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பத்து தோட்டா போட்டால் கட்டைவிரலில் கீறல் நிச்சயம். உப்புத்தாளை எடுத்து அந்த விளிம்பைத் தேய்த்துவிட்டால் பிறகு செல்லப்பிள்ளை. கூட்டை மேல்பக்கமாக எறிவதால் ஸ்கோப் வைப்பது தொல்லை. மார்லின் 1894 பக்கவாட்டில் எறியும், மேல்பக்கம் மூடியது, ஸ்கோப் தாராளமாக வைக்கலாம். 2020-ல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கியது. ரெமிங்டன் காலத்து ஆரம்ப வருஷத் துப்பாக்கிகளில் தரக்குறைவு அதிகம் என்பது ஊரறிந்தது. பழைய மார்லினோ ரூகர் மார்லினோ பார்த்து வாங்குங்கள், நடுவில் வந்ததை நன்றாகத் திருப்பிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஹென்றி பிக் பாய் லீவர் வெண்ணெய் மாதிரி போகும், ஆனால் பித்தளை மாடல் எட்டரைப் பவுண்டு, வேலி ஓரமாகத் தூக்கிக்கொண்டு நடக்க அல்ல. இரும்பு மாடல் தேவலை. முன்பு ஹென்றியில் பக்கவாசல் கிடையாது, டியூபின் முனையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். பின்னர் வந்த மாடல்களில் இரண்டும் உண்டு. இத்தாலியின் உபெர்ட்டி 1873 பார்க்க ராஜா, லீவர் மூச்சுவிட்டால் நகரும். ஆனால் அதன் முழங்கால் மடக்குப் பூட்டு 1892 அளவுக்கு உரமில்லை. உரமான .357-ஐ நாள்தோறும் அதற்கு நான் கொடுக்க மாட்டேன்.

உங்கள் வேலைக்கு, பணம் இருந்தால் மார்லின், இல்லையென்றால் ராஸி. நான் வைத்திருப்பது ராஸி.

தோட்டாவை நீங்களே நிரப்பும் எண்ணம் வந்தால், கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி இறுக்கும் கிரிம்ப்பில் சோம்பல் வேண்டாம். ரிவால்வரில் ஒவ்வொரு உதைக்கும் சுடாத தோட்டாக்களின் குண்டு முன்னால் நகரப் பார்க்கும், நகர்ந்தால் சிலிண்டர் சுற்றாது. டியூப் மேகசினில் ஸ்பிரிங்கும் முன்னால் உள்ள தோட்டாக்களும் அதே குண்டை உள்ளே தள்ளப் பார்க்கும், உள்ளே போனால் அழுத்தம் எகிறும். இரண்டு எதிர்த்திசைக்கும் ஒரே காவல் அந்தச் சின்ன வளைவு. கூர்மூக்குக் குண்டை டியூபில் போடவே கூடாது, முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் வில்லை) அதன் மூக்கு முட்டிக்கொண்டிருக்கும். லீவர் ரைஃபிளுக்கென்றே ஹார்னடி கம்பெனி LEVERevolution என்ற பெயரில் விற்கும் கூர்மூக்குத் தோட்டா மட்டும் விதிவிலக்கு, அதன் முனை ரப்பர் மாதிரி மெத்து.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் ஆட்கள் இதைப் படிப்பார்கள் என்பதால்: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019-லிருந்து வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் எச்1பிக்காரருக்குப் பெரும்பாலும் அதே உரிமம்தான் துப்பாக்கியைத் தொடவே வழி. உதவிக்கு வரும் நண்பரின் விசா என்ன என்று கேட்காமல் ரைஃபிளை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் தோட்டாவை மொத்தமாக அள்ள வேண்டாம். .38-ல் இரண்டு வகை, .357-ல் இரண்டு வகை, தலா ஒரு பெட்டி. சுடுமிடத்தில், குழல் மண்மேட்டைப் பார்த்திருக்க, மேகசினை நிரப்பி ஒவ்வொரு வகையிலும் மெதுவாக ஒருமுறை, லீவரை முழு வேகத்தில் அடித்து ஒருமுறை சுடுங்கள். தயங்கித் தயங்கி லீவர் போட்டால் நல்ல துப்பாக்கியும் சிக்கும். அப்படியே ஐம்பது கெஜத்தில் .38-ம் .357-ம் எவ்வளவு மேலும் கீழும் அடிக்கின்றன என்று அட்டையில் குறித்து, அந்த அட்டையைத் துப்பாக்கி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் கதவில் ஒட்டியது மஞ்சளாகிவிட்டது, இப்போதும் பார்த்துத்தான் எடுக்கிறேன்.